கூட்டியது ஒரு வழி, சொன்னது வேறு வழி!

36-ஐயும் 59-ஐயும் கூட்டினால் 95. இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? இதே கணக்கைக் கிளாட் என்னும் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து, "எப்படிப் போட்டாய்?" என்று கேட்டால், "6-உம் 9-உம் 15, 5 போட்டு மீதி 1" என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஒப்பிக்கும். ஆனால் அது அப்படிக் கூட்டவே இல்லை, தெரியுமா?

அதை உருவாக்கிய ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் ஆய்வாளர்களே 2025-இல் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அங்கே ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் நடந்துகொண்டிருந்தன! ஒரு பக்கம், விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று குத்துமதிப்பு. இன்னொரு பக்கம், 6-உம் 9-உம் சேர்ந்தால் கடைசி இலக்கம் 5 என்ற துல்லியம். இரண்டும் சந்தித்த இடத்தில் 95! மீதி 1 என்ற பேச்சே அங்கு இல்லை. விளக்கம் சொல்வதை அது மனிதர்கள் எழுதிவைத்ததிலிருந்து படித்துக்கொண்டது. கூட்டுவதற்கு மட்டும் யாரும் காட்டித்தராத வழியைத் தானே கண்டுகொண்டது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை!

1970-களில் நிலைமை நேர்மாறாக இருந்தது தெரியுமா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மைசின், ரத்தத்தில் தொற்றிய கிருமிக்கு எந்த ஆன்டிபயாடிக் கொடுக்கலாம் என்று யோசனை சொன்ன நிரல். அது கேள்வி கேட்கும்போது டாக்டர் "ஏன்?" என்று தட்டினால் போதும், அந்த நொடியில் தான் பிடித்துக்கொண்டிருந்த விதியை அப்படியே எடுத்துக் காட்டும். அது சொன்ன காரணமும் நிஜக் காரணமும் ஒன்றே!

காரணமே சொல்லாத கணினி என்றால், நாமேதான் அதைத் தேடிப் பிடிக்கவேண்டும். ஹஸ்கி நாயை ஓநாய் என்று சொன்ன கணினியைத் தெரியுமா? 2016-இல் லைம் என்ற முறையைக் கொண்டுவந்தவர்கள், படத்தின் துண்டுகளை மாற்றி மாற்றி மறைத்து, எது போனால் விடை மாறுகிறது என்று தேடினார்கள். காதும் இல்லை, மூக்கும் இல்லை. பின்னால் கிடந்த பனி! அந்தக் கணினிக்கு ஓநாய்களைப் பனியோடே காட்டிப் பழக்கியிருந்தார்கள், சோதனைக்காக வேண்டுமென்றே.

இன்னொன்றும் கேளுங்கள். 2025-இல் ஆந்த்ரோபிக் நடத்திய மற்றொரு சோதனையில், செயற்கை நுண்ணறிவுகளிடம் கேள்வியோடு விடைக்கான துப்பையும் நைசாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். துப்பைப் பிடித்துக்கொண்டு விடை சொன்ன இடங்களில் அதை ஒத்துக்கொண்டது எத்தனை தரம்? கிளாட்டின் ஒரு பதிப்பான கிளாட் 3.7 சானெட் சராசரியாக 25 சதவீதம், வேறொரு செயற்கை நுண்ணறிவான டீப்சீக் ஆர்1 39 சதவீதம்! மற்ற இடங்களில் எல்லாம் தானாகவே யோசித்த மாதிரி எழுதியிருந்தன. அப்படித் துப்பை மறைத்த விளக்கங்கள், ஒத்துக்கொண்ட விளக்கங்களைவிடச் சராசரியில் நீளமானவை, தெரியுமா?