குழி, காணி, கன அடி: பெயர் ஒன்று, அளவு பல

தேனிப் பக்கம் எந்த டீக்கடையிலும் காலைல பேப்பரை விரிச்சா, முதல்ல கண்ணு போற இடம் அணை நிலவரம். பெரியாறு இத்தனை அடி, வைகை இத்தனை அடி, சோத்துப்பாறை, மஞ்சளாறு என்று வரிசையாக இருக்கும். அந்தச் சின்னப் பெட்டிச் செய்தியை ஒரு மென்பொருள்காரன் கண்ணோடு பார்த்தால் தலை சுற்றும். உதாரணமாக, 'நீர்வரத்து 500 கன அடி, இருப்பு 3,000 மில்லியன் கன அடி' என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கன அடிதான். ஆனால் முதல் கன அடி 'ஒரு விநாடிக்கு' என்பதை விழுங்கிவிட்ட கன அடி, அதாவது வேகம். இரண்டாவது வெறும் கொள்ளளவு. இரண்டையும் கழிக்கவோ கூட்டவோ முடியாது.

விநாடிக்கு 200 கன அடி திறந்தால் ஒரு நாளைக்கு 1 கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம் கன அடி போகும். 120 நாள் ஓடினால் சுமார் 2.07 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி.) கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நிலம் 14,707 ஏக்கர் என்பது அரசாணைகளில் வரும் கணக்கு. நாற்று விடலாமா வேண்டாமா என்பதை விவசாயி இந்தப் பெருக்கலை வைத்துத்தான் முடிவு செய்கிறார். காகிதத்தில் போட மாட்டார், மனசுக்குள்ளேயே போட்டுவிடுவார்.

'அடி'யும் லேசுப்பட்டது இல்லை. பெரியாறு 110 அடி, வைகை 60 அடி என்று படித்துவிட்டு, பெரியாற்றில்தான் தண்ணீர் அதிகம் என்று வெளியூர்க்காரர் நினைப்பார். ஒவ்வொரு அணைக்கும் அடியின் பூஜ்யம் வேறு. பெரியாற்றில் 104 அடிக்குக் கீழே உள்ள தண்ணீர் சுரங்கவழி நம்ம பக்கம் வராது. ஆக 110 அடி என்றால் நமக்கு மிச்சம் ஆறே அடி. 2014-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த 142 அடியிலும் நமக்குப் பயன்படுவது மேலே இருக்கிற 38 அடிதான். 136-க்கும் 142-க்கும் நடுவில் உள்ள ஆறு அடிக்காக ஏன் இத்தனை வருஷம் வழக்காடினோம் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கழித்தல் ஒன்றே போதும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த அளவு, நம்ம பழைய அளவுகள் ஒழுங்காக இருந்தன என்று சிலர் சொல்வதுண்டு. அப்படியெல்லாம் இல்லை.

குழியை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு குழி 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, சுமார் 33 சென்ட். இருபது மா ஒரு வேலி, சுமார் 6.6 ஏக்கர். செங்கல்பட்டுப் பக்கம் போனால் குழி 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி ஆகிவிடும். நூறு குழி அங்கே ஒரு காணி, 132 சென்ட். நம்ம ஊர் வாழைக்காரரிடம் குழி என்றால் கன்று நட வெட்டிய பள்ளத்தைத்தான் நினைப்பார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் 'குழிமாற்று' என்றால் சதுர வாய்பாடு.

எனக்கு ரொம்பப் பிடித்தது மாவும் காணியும் போடும் குட்டிக்கரணம். பின்னமாகப் பார்த்தால் மா 1/20, காணி 1/80; அதாவது நாலு காணி சேர்ந்தது ஒரு மா. நிலமாகப் பார்த்தால் சென்னைக் காணி 57,600 சதுர அடி, தஞ்சை மா 14,400 சதுர அடி. நாலு மா சேர்ந்தது ஒரு காணி! அப்படியே தலைகீழ். ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் எழுதி, எதை எந்த ஊரில் கூப்பிடுவது என்று சொல்லாமல் விட்ட மாதிரி.

பாரதி கேட்ட காணி எது? வேலியில் 1/80 என்று எடுத்தால் 3,600 சதுர அடி, எட்டே கால் சென்ட். கூடலூர், கம்பம் தோப்புக்காரர்கள் தென்னைக்கு விடும் இடைவெளி 25 அடிக்கு 25 அடி. ஒரு டஜன் மரத்துக்கே 7,500 சதுர அடி வேணும். வீடும் கிணறும் எங்கே வைப்பது? ஆக அவர் கேட்டது 132 சென்ட் காணியாகத்தான் இருக்கணும். பராசக்தியிடம் தாராளமாகவே கேட்டிருக்கிறார்.

முகத்தலளவைக்கு வருவோம். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். வாய்பாடு சுத்தம். ஆனால் எந்தப் படி? பட்டணம் படியா, சின்னப் படியா? தலை தட்டி அளந்ததா, கோபுரமாகக் குவித்ததா? கூலி நெல் அளக்கும்போது தட்டியும், வாரம் வாங்கும்போது குவித்தும் அளந்தால் மரக்கால் அதேதான், போய்ச்சேரும் நெல் வேறு. 1958-லிருந்து மெட்ரிக் முறை வந்து இதற்கு முடிவு கட்டியது. அதற்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை.

ஆனாலும் படி முழுசாகச் சாகவில்லை. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கும் இடத்தில் (தாவரமும் ஏலம், விற்பனையும் ஏலம், பின்னது போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது) விலை கிலோவுக்குத்தான். ஆனால் தரம் பார்ப்பது 'லிட்டர் வெயிட்'டில். ஒரு லிட்டர் பாத்திரத்தில் காயை நிரப்பி எத்தனை கிராம் வருகிறது என்று பார்ப்பார்கள். உயர்ந்த ரகத்துக்கு காய் 7 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் லிட்டர் 435 கிராமுக்குக் குறையாமலும் இருக்கணும். பெரிய காயாக இருந்தும் உள்ளே அரிசி சூம்பியிருந்தால் எடை நிற்காது. படியையும் தராசையும் ஒன்றாகக் கட்டிப்போட்ட அழகான ஏற்பாடு.

கடைசியா ஒண்ணு, இது பணம் சம்பந்தப்பட்டது. பட்டாவில் பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில், 0.40.50 என்ற மாதிரி இருக்கும். அது 40 சென்ட் இல்லை, 40.5 ஏர், அதாவது ஒரு முழு ஏக்கர். ஒரு ஏர் 2.47 சென்ட். எங்க சொந்தத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் இதனால் ஒரு வருஷம் பேசாமல் இருந்தார்கள். தாத்தா காலத்துப் பத்திரத்தில் 50 சென்ட், தம்பி கையில் கிடைத்த பட்டா நகலில் 0.20.25. முப்பது சென்ட்டை அண்ணன் விற்றுத் தின்றுவிட்டார் என்று திருப்பூரில் இருக்கும் தம்பி முடிவே கட்டிவிட்டார். 20.25-ஐ 2.47-ஆல் பெருக்கினால் ஐம்பது சென்ட் அப்படியே இருக்கு. பத்திரத்தையும் பட்டாவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் முதலில் இந்தப் பெருக்கலைப் போட்டுவிட்டு, அப்புறம் வக்கீலைப் பாருங்க.