பெயர் கேட்டால் முகவரி சொல்லும் கணினிகள்

2016ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி, சனிக்கிழமை இரவு. சிங்கப்பூரில் ஸ்டார்ஹப் நிறுவனத்தின் இணையச் சேவையைப் பெற்றிருந்த பல வீடுகளில் இணையத்தளங்கள் திடீரென்று திறக்க மறுத்தன. திங்கட்கிழமை இரவும் அதே நிலை ஏற்பட்டது. காரணம், டி.என்.எஸ். சேவையகங்கள் திணறிப்போனதுதான்.

நாம் இணையத்தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்கிறோம். கணினிகளோ ஒன்றையொன்று எண் முகவரியால்தான் அறியும். பெயரைக் கேட்டு முகவரியைச் சொல்லும் டி.என்.எஸ். முறையை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். அந்தப் பதில் கிடைக்காவிட்டால், இணைப்பு நன்றாக இருந்தும் பயனில்லை. அந்த இரண்டு இரவுகளிலும் தன் சேவையகங்கள்மீது வேண்டுமென்றே தாக்குதல் நடத்தப்பட்டதாக ஸ்டார்ஹப் பின்னர் அறிவித்தது.

விநாடிக்கு எத்தனை கேள்விகள் வரக்கூடும், அவற்றுக்கு எத்தனை சேவையகங்கள் தேவை என்று முன்கூட்டியே கணக்கிடுவது கொள்ளளவுத் திட்டமிடல். உச்ச நேரத்தில் விநாடிக்கு 20,000 கேள்விகள் வருவதாக வைத்துக்கொள்வோம். தலா 12,000 கேள்விகளைத் தாங்கும் இரண்டு சேவையகங்கள் போதும் என்று தோன்றும். ஆனால், ஒன்று பழுதடைந்தால் மற்றொன்றின்மீது 20,000 கேள்விகளும் விழும், அதுவும் திணறும். ஆகவே, ஒவ்வொன்றும் தனியாகவே முழுச் சுமையையும் தாங்கவேண்டும்.

அதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. பதில் வராவிட்டால் நம் கருவிகள் சும்மா இருப்பதில்லை; அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. சிங்கப்பூரில் தடை ஏற்படுவதற்கு முந்தைய நாள், அமெரிக்காவின் டின் என்ற டி.என்.எஸ். நிறுவனம் தாக்கப்பட்டது. டுவிட்டர், ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் பலருக்குக் கிடைக்கவில்லை. அப்போது மறுமுயற்சிகளாலேயே கேள்விகள் வழக்கத்தைவிட 10 முதல் 20 மடங்குவரை பெருகியதாக அந்நிறுவனம் விளக்கியது. தாக்குதலையும் நியாயமான கேள்வியையும் பிரித்தறிவது அதனால் இன்னும் கடினமானது.

திட்டமிட்ட அளவை ஒரு சேவையகம் உண்மையிலேயே தாங்குமா என்று பார்ப்பது சுமைச் சோதனை. கேள்விகளைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். எந்த அளவில் பதில்கள் தாமதமாகின்றன, எப்போது விடுபடத் தொடங்குகின்றன என்று குறித்துக்கொள்வார்கள். இங்கே ஏமாறுவது எளிது. ஒரே பெயரை இலட்சம் முறை கேட்டால், சேவையகம் முதல்முறை கண்டறிந்த பதிலை நினைவகத்திலிருந்து எடுத்து நொடியில் தந்துவிடும். முடிவைப் பார்த்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும்! உண்மையில் மக்கள் கேட்பதோ வெவ்வேறு பெயர்களை. அவற்றில் பிழையாகத் தட்டச்சு செய்யப்பட்டவை, உலகில் இல்லவே இல்லாதவை ஆகியனவும் உண்டு. புதிய பெயர் ஒவ்வொன்றுக்கும் சேவையகம் வேறு சேவையகங்களிடம் சென்று விசாரிக்கவேண்டும். எனவே, முன்பு பதிவான உண்மையான கேள்விகளைக் கொண்டே சோதிப்பது நல்லது.

இச்சோதனையைத் தங்கள் சொந்தச் சேவையகத்தில், பொது இணையத்திலிருந்து பிரித்துவைத்த வலையமைப்பில் நடத்துவதே வழக்கம். பிறருடைய சேவையகத்தின்மீது அனுமதியின்றி இதையே செய்து அதை முடக்கினால், சிங்கப்பூரின் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்கீழ் அது குற்றம்.