நிரல் அறியாதார்க்கு நிரலரங்கில் என்ன வேலை?

இசை கற்காதவர் கச்சேரிக்குப் போகலாம். ஏர் பிடிக்காதவர் சந்தைக்குப் போகலாம். கணினிக்கு நிரல் எழுதத் தெரியாத ஒருவர், நிரல் எழுதுவோர் கூடும் கூட்டத்திற்குப் போகலாமா? போனால் அவருக்கு அங்கே வேலை யாது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதற்கண் நிரல் என்பது இன்னதெனத் தெளிவோம். கணினி தானாக எதையும் செய்யாது. ‘முதலில் இதைச் செய், பின்னர் அதைச் செய், இன்ன நிலை ஏற்படின் இவ்வாறு செய்’ என்று, அதற்கு விளங்கும் மொழியில் படிப்படியாக எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொகுதியே நிரல். நிரல்களால் அமைந்தது மென்பொருள். சில நிறுவனங்கள் அதனைப் பூட்டிய பெட்டி போல விற்கின்றன. உள்ளிருப்பதைப் பிறர் காண இயலாது. 1983-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ரிச்சர்டு ஸ்டால்மன் இதற்கு மாறானதொரு வழியைத் தொடங்கினார். எவரும் பயன்படுத்தலாம்; உள்ளே எழுதியிருப்பதை ஆராய்ந்து மாற்றலாம்; பிறருக்கு வழங்கலாம்; மாற்றியமைத்ததையும் வழங்கலாம். இந்நான்கு உரிமைகளையும் உடையதே கட்டற்ற மென்பொருள். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸும் இவ்வழியிற் சேர்ந்தே உலகெங்கும் பரவியது.

கிணறு ஊர்ப்பொதுவானால், தூர் வாரவும் ஊரார் கூடவேண்டுமன்றோ? அங்ஙனமே இம்மென்பொருளைக் கற்கவும் வளர்க்கவும் பல ஊர்களில் பயனர் குழுக்கள் தோன்றின. விழுப்புரத்திலும் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று உண்டு. மாணவர்க்குக் கட்டற்ற மென்பொருளைப் பயிற்றுவது அதன் பணிகளுள் ஒன்று. பெருநகரங்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட இக்கல்வி நம் பக்கத்திற்கும் வந்திருப்பது மகிழத்தக்கது.

இத்தகைய கூட்டமொன்றுக்குத் திண்டிவனத்திலிருந்து நானும் சென்றிருந்தேன். அங்குப் பேசப்பட்டவற்றுள் பாதி எனக்கு விளங்கவில்லை. மற்றப் பாதியோ, ஆசிரியப் பணியில் நாள்தோறும் நான் கையாண்ட பொருளாகவே இருந்தது.

மாணவர் ஒருவர் பெயர்களை அகரவரிசையில் அடுக்கும் நிரல் ஒன்றை எழுதியிருந்தார். திரையில் வளவன் முன்னும் வழுதி பின்னுமாக நின்றன. “தம்பி, நெடுங்கணக்கில் ழகரம் முன்னது, ளகரம் பின்னது. வழுதியல்லவா முதலில் வரவேண்டும்?” என்றேன். “நான் ஒன்றும் மாற்றவில்லை, ஐயா. கணினியே இப்படித்தான் அடுக்குகிறது” என்றார் அவர்.

காரணத்தை இருவரும் சேர்ந்து ஆராய்ந்தோம். கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் ஏற்பாட்டிற்கு ஒருங்குறி என்று பெயர். அதில் ளகரத்தின் எண் ழகரத்தின் எண்ணுக்கு முந்தியது. னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே, எண்வரிசைப்படி மட்டும் அடுக்கினால் ‘வயல்’ என்பதற்கு முன் ‘வனம்’ வந்துவிடும். தமிழ் வரிசையைக் கூறும் அட்டவணை தனியே உண்டு. அதனைக் கொள்ளுமாறு நிரலில் கட்டளையிட்டாற் போதும். மாணவர் அவ்வாறே செய்தார். வழுதி முன்னே வந்தார். அட்டவணையைத் தேடி எடுத்தது அவருடைய அறிவு. வரிசை பிறழ்ந்ததைக் கண்டது நெடுங்கணக்குப் பயிற்சி. இரண்டும் கூடியபோதுதான் குறை நீங்கிற்று.

எழுத்தெண்ணிக்கையும் இத்தகையதே. விழுப்புரம், திண்டிவனம் என்னும் இரு பெயர்களும் நமக்கு ஆறெழுத்துச் சொற்கள். கணினியோ புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியே எண்ணுவதால், முன்னதை 11 என்றும் பின்னதை 10 என்றும் கூறும். ‘பெயர் பத்தெழுத்துக்கு மிகலாகாது’ என்று விதிக்கும் படிவம் ஒன்று, திண்டிவனத்தை ஏற்று விழுப்புரத்தைத் தள்ளிவிடக் கூடும்!

இனி, மொழிபெயர்ப்பைக் காண்போம். கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றில் திரையில் தோன்றும் தொடர்கள் நிரலினின்று பிரிக்கப்பட்டுத் தனிக்கோப்பில் இருக்கும். மேலே ஆங்கிலத் தொடர். கீழே தமிழுக்குரிய இடம். அதனை நிரப்ப நிரலறிவு வேண்டுவதில்லை. இலக்கண அறிவு வேண்டும். கோப்பு ஒன்றை நீக்கலாமா என்று கேட்கும் தொடரில், பெயர் வரும் இடத்தை வெறுமையாக விட்டு அதனோடு ‘ஐ’ உருபைச் சேர்த்து எழுதினால், மரம் என்னும் பெயர் வரும்போது ‘மரம்ஐ நீக்கவா?’ எனத் திரை கேட்கும். உருபு சேர்ந்தால் ‘மரத்தை’ ஆகுமென்று அந்நிரலுக்கு யார் கற்பித்தார்? ‘மரம் என்னும் கோப்பை நீக்கவா?’ என்று எழுதிவிட்டால் எந்தப் பெயருக்கும் பொருந்தும். மேலும், ‘கோப்பைத் திற’ என்றெழுத வேண்டிய இடத்தில் ஒற்றை விட்டுவிட்டால், பருகும் கோப்பையைத் திறக்கச் சொல்கிறார்களோ என்று படிப்பவர் மயங்குவர்.

இது தமிழாசிரியர்க்கு மட்டும் உரிய தொண்டு அன்று. நிலக்கடலை என்று நூலில் எழுதுவதை நம் வட்டார உழவர் மல்லாட்டை என்பர். மணிலா என்றும் சொல்வர். விலை காட்டும் மென்பொருளில் அவர் ‘மல்லாட்டை’ என்று தேடினால் கிடைக்கவேண்டுமெனில், அச்சொல்லை அறிந்த ஒருவர் அதனை அங்கே எடுத்துச் சொல்லவேண்டும். தபால் கொடுப்பவர்க்குத் தெருக்களின் பெயர் தெரியும். செவிலியர்க்கு நோயாளிகள் வழங்கும் சொற்கள் தெரியும்.

செல்வோர் கடைப்பிடிக்க வேண்டிய முறையும் உண்டு. வேலை நடக்கும்போது குறுக்கிடாது, இடைவேளையில் கேட்கவேண்டும். குறை கண்டால் ‘சரியாக இல்லை’ என்று பொதுப்படக் கூறுவதாற் பயனில்லை. நான் இன்னது செய்தேன். இன்னது நிகழுமென எதிர்பார்த்தேன். நிகழ்ந்தது இன்னது என்று மூன்றையும் முறையாகக் கூறினால், திருத்துவோர்க்கு அது பெருந்துணையாகும்.

இவ்வளவு சிறிய பிழைகளுக்காக இத்துணை முயற்சி வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். இன்று பட்டா விவரம் பார்ப்பதும், மின்கட்டணம் செலுத்துவதும், வங்கிக் கணக்கைக் காண்பதும் கைப்பேசித் திரையில் நடைபெறுகின்றன. அதிலுள்ள தமிழ் விளங்காதபோது மூதாட்டி ஒருவர் என்ன செய்கிறார்? அருகிலிருப்பவரிடம் கைப்பேசியை நீட்டுகிறார். கடவுச்சொல்லையும் உடன் சொல்லிவிடுகிறார். தம் நிலத்தையும் பணத்தையும் பற்றிய செய்தியைப் பிறர் வாயிலாகவே அவர் அறியவேண்டியவராகிறார். எழுதப் படிக்கத் தெரிந்தும், அவ்வெழுத்தறிவு அவருக்குப் பயன்படாமற் போகிறது. ஒற்றுப் பிழை இலக்கண நூலில் சிறியதாகலாம், வாழ்க்கையில் சிறியதன்று.

நிரல் எழுதும் இளைஞர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் ஆக்குவது நமக்குப் பொருந்துகிறதா என்பதைக் கூறவல்லவர் நாமே. ஆதலால் உங்கள் ஊரில் இத்தகைய கூட்டம் கூடுமாயின், ‘எனக்கு ஒன்றும் தெரியாதே’ என்று ஒதுங்கவேண்டா. உங்களுக்குத் தெரிந்ததை எடுத்துக்கொண்டு செல்லுங்கள். அங்கே அதற்கு இடமுண்டு.