சீனியரின் பின்னால் நடந்து கற்கும் சட்டம்

காலையில் வழக்குகளை வரிசையாகக் கூப்பிடுகிறார்கள். சீனியர் வேறொரு கோர்ட்டில் இருக்கிறார். ஜூனியர் எழுந்து 'பாஸ் ஓவர்' கேட்கிறார். வழக்கைச் சற்று நேரம் கழித்துக் கூப்பிடச் சொல்வதுதான் அது. பின்வரிசையில் கறுப்பு டை கட்டி நிற்கும் சட்டக் கல்லூரி மாணவிக்கு அந்தச் சொல்லே புதிது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை வரி விடாமல் படித்தாலும் அது அகப்படாது.

வழக்கறிஞரோடு கூடவே இருந்து கற்பது மாணவர் விருப்பத்துக்கு விட்ட விஷயமல்ல. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள் மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரமும், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் பயிற்சியைக் கட்டாயமாக்கியுள்ளன. ஒரு சிவில் வழக்கு, ஒரு கிரிமினல் வழக்கின் விசாரணையைப் பார்த்துக் குறிப்பெழுத 30 மதிப்பெண். கட்சிக்காரரோடு வழக்கறிஞர் பேசும் இரண்டு சந்திப்புகளைக் கவனித்து நாட்குறிப்பில் எழுத 15. ஆவணங்கள் தயாராகித் தாக்கலாவதைக் கவனிக்க இன்னொரு 15.

இவற்றில் கட்சிக்காரர் சந்திப்புக்கான 15 மதிப்பெண்ணையே நான் பெரிதாக நினைக்கிறேன். தேர்வுத்தாளில் வழக்கின் சங்கதி முழுதாக அச்சாகி வரும். அலுவலகத்தில் அது மஞ்சள் பையில் துண்டுதுண்டாக வரும். தம்பி நிலத்தை வளைத்துக்கொண்டான் என்று அரை மணி நேரம் சொல்பவர், பத்தாண்டுக்கு முன் தானே கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரத்தைப் பற்றி வாயே திறக்கமாட்டார். "வில்லங்கம் போட்டுப் பாத்தீங்களா?" என்று சீனியர் கேட்ட பிறகுதான் தலை குனியும். அவரை அப்படி மறைக்க வைத்தது பெரும்பாலும் வெட்கம்தான். அதட்டாமல் அதை வெளியே கொண்டுவரும் பக்குவத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் கற்க முடியும். அந்த அறையில் கேட்டது அந்த அறையைத் தாண்டக் கூடாது என்பதையும் அங்கேதான் பழக வேண்டும்.

குமாஸ்தாவையும் விட்டுவிடக் கூடாது. கோர்ட் கட்டணம் எவ்வளவு, தாக்கல் செய்த பிராது ஏன் திரும்பி வந்தது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

படிப்பு முடிந்தபின் ஓராண்டுப் பயிற்சி பெற்றால்தான் வழக்கறிஞராகப் பதியலாம் என்ற 1995ஆம் ஆண்டு விதியை, பார் கவுன்சிலுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லி 1999இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆகவே கல்லூரிக் காலத்து இந்தச் சில வாரங்களே, தனியாக வக்காலத்துப் போடுமுன் கட்டாயமாகக் கிடைக்கும் பழக்கம். போகாமலே சான்றிதழ் வாங்கித் தரும் மாணவர் தன் முதல் கட்சிக்காரரைக் கைவிடுகிறார். கேட்டதும் கையெழுத்திட்டுக் கொடுக்கும் சீனியருக்கும் அதில் பங்குண்டு. நாட்குறிப்பை வாரம் ஒருமுறை வாங்கிப் படித்து, "இந்தக் கேள்வியை நான் ஏன் கேட்டேன்?" என்று அவர் திருப்பிக் கேட்கட்டும். கால் மணி நேரம் போதும்.