படித்து முடித்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?



சென்ற ஆண்டு நம் கல்லூரியில் முன்னாள் மாணவர் தினம் நடந்தபோது, வாசலில் மேஜை போட்டு வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்காரும் வேலை எனக்குக் கிடைத்தது. பெயர், பிரிவு, முடித்த ஆண்டு, தற்போதைய பதவி, கையொப்பம் என்று ஐந்து கட்டங்கள். வந்தவர்கள் எல்லாம் ஜோராக எழுதினார்கள். மேனேஜர், உதவிப் பொறியாளர், சொந்தக் கம்பெனி, துபாய், சிங்கப்பூர்... படிக்கப் படிக்க எனக்கே பெருமை தாங்கவில்லை!

அப்போது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். நம் மெக்கானிக்கல் பிரிவுதான். முதல் மூன்று கட்டங்களையும் மளமளவென்று எழுதியவர், நான்காவது கட்டத்தில் பேனாவை நிறுத்தினார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"சார், இது விட்டுப்போச்சு" என்று காட்டினேன்.

"எழுதுற அளவுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு தம்பி?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிட்டார்.

அந்தக் காலிக் கட்டம் என் மனதை விட்டுப் போகவே இல்லை. படித்து முடித்தவர்கள் முப்பது, நாற்பது வருடம் கழித்து என்ன ஆகிறார்கள், அதை யாராவது ஒழுங்காகக் கேட்டுப் பார்த்திருக்கிறார்களா என்று தேடினேன். கேட்டிருக்கிறார்கள்! அதை உங்களோடு பகிர்ந்து கொள்ளவே இந்தக் கட்டுரை.

நமக்கு இது எதற்கு?

அப்பாவோ சித்தப்பாவோ படித்திருக்கிற வீட்டில் இந்தக் கேள்விக்கு வீட்டிலேயே பதில் இருக்கும். எங்கள் வீட்டுக்கு 'டிப்ளமோ' என்கிற வார்த்தையே என்னோடுதான் வந்தது. "இது முடிச்சா என்னடா ஆவே?" என்று அம்மா கேட்டால், சொல்வதற்கு என்னிடம் ஓர் ஆள் கிடையாது. நம் வகுப்பில் பாதிப் பேர் நிலைமை இதுதான் என்று நினைக்கிறேன். எனவே முன்னே போனவர்கள் எந்த வழியில் போனார்கள் என்று தெரிந்துகொள்வது நமக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை. நமக்கு அதுதான் வரைபடம்.

சிவப்புப் புத்தகம்

அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1636-இல் தொடங்கியது. அங்கே ஒரு வழக்கம். ஒவ்வொரு ஆண்டுப் பிரிவினரும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஒரு புத்தகம் போடுவார்கள். சிவப்பு அட்டை போட்டிருப்பதால் அதற்குச் 'சிவப்புப் புத்தகம்' என்றே பெயர். முகவரி, வேலை, துணைவர், பிள்ளைகள், பெற்ற விருதுகள் எல்லாவற்றையும் அவரவரே எழுதி அனுப்பலாம். விருப்பம் இருந்தால் வாழ்க்கையைப் பற்றி ஒன்றிரண்டு பக்கமும் எழுதலாம்.

இதில் நடந்த ஒரு விஷயம் உலகச் செய்தியானது. 1962-ஆம் ஆண்டுப் பிரிவில் தியடோர் கசின்ஸ்கி என்று ஒருவர். பதினாறு வயதிலேயே ஹார்வர்டில் சேர்ந்த கணித மேதை. பின்னாளில் காட்டுக்குள் குடிசை போட்டுக்கொண்டு, 1978 முதல் 1995 வரை குண்டுகளை அனுப்பி மூன்று பேரைக் கொன்றவர். 1998-இல் ஆயுள் தண்டனை பெற்றார். 2012-இல் அவருடைய பிரிவினரின் ஐம்பதாம் ஆண்டுப் புத்தகம் வந்தது. அதில் அவருடைய குறிப்பும் இருந்தது! தொழில் என்ற இடத்தில் 'கைதி' என்று இருந்தது. விருதுகள் என்ற இடத்தில் எட்டு ஆயுள் தண்டனைகள் என்று இருந்தது. முன்னாள் மாணவர் சங்கம் வருத்தம் தெரிவித்தது. 2023-இல் அவர் சிறையிலேயே இறந்தார்.

கொலைகாரர் கூடக் கூச்சப்படாமல் கட்டத்தை நிரப்புகிறார். நம் கல்லூரியில் ஒரு நல்ல மனிதர் கூச்சப்பட்டுக் காலியாக விடுகிறார். என்ன விசித்திரம் பாருங்கள்!

நல்ல ஜாப்பை மட்டும் அளந்தால்...

ஒர்க்‌ஷாப்பில் நாம் செய்த ஜாப்பில் நன்றாக வந்ததை மட்டும் எடுத்துப்போய் சாரிடம் காட்டுவோம். வெட்டு அதிகமாகிக் கெட்டுப்போனதை ஸ்கிராப் பெட்டியில் போட்டுவிடுவோம். சார் மேஜையில் இருப்பதை மட்டும் வெர்னியரால் அளந்து பார்ப்பவருக்கு, இந்த வகுப்பில் யாருக்குமே தப்பு வராது என்றுதான் தோன்றும்.

முன்னாள் மாணவர் செய்தியும் இப்படித்தான். பதவி உயர்வு வந்தவர் எழுதுவார். மகன் கல்யாணம் நடந்தவர் எழுதுவார். வேலை போனவர் எழுதமாட்டார். ஆகவே, தானாக வருகிற செய்தியை மட்டும் படித்தால் வாழ்க்கை தெரியாது. எல்லோரையும் தேடிப்போய்க் கேட்க வேண்டும், திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். அதைச் செய்தவர்களும் அதே ஹார்வர்டில்தான் இருந்தார்கள்.

268 மாணவர்கள்

1938-இல் ஆர்லி பாக் என்ற ஹார்வர்ட் மருத்துவர் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பல ஊர்களில் கடை நடத்திய கிராண்ட் என்ற வியாபாரி பணம் கொடுத்தார். எல்லோரும் நோயாளியையே ஆராய்கிறார்களே, நன்றாக இருப்பவன் எப்படி நன்றாக இருக்கிறான் என்று பார்ப்போமே என்பது அவர் எண்ணம். 1939 முதல் 1944 வரை படிப்பை முடிக்க இருந்த 268 மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். உடம்பு, படிப்பு, குணம் எல்லாவற்றிலும் தேறியவர்கள். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆன ஜான் கென்னடியும் அதில் ஒருவர்.

பெரும்பாலானவர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் போய் வந்தார்கள். அதன் பிறகும் விடவில்லை. சுமார் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கேள்வித்தாள் போகும். வேலை எப்படி, மனைவியோடு உறவு எப்படி, குடிப்பழக்கம் உண்டா, யாரிடம் மனம் விட்டுப் பேசுவீர்கள் என்று கேட்பார்கள். மருத்துவப் பரிசோதனை விவரங்களையும் வாங்கி வைத்தார்கள். சில வருடங்களுக்கு ஒரு முறை நேரில் போய்ப் பேசினார்கள். ஜார்ஜ் வேலண்ட் என்ற மனநல மருத்துவர் 1970-களில் பொறுப்பேற்று முப்பது வருடம் நடத்தினார். பிறகு ராபர்ட் வால்டிங்கர் வந்தார்.

என்ன தெரிந்தது? பொறுக்கி எடுத்த மாணவர்கள்தானே, எல்லோரும் ஓகோ என்று இருந்திருப்பார்கள் என்று நினைப்போம். இல்லை! ஐம்பது வயதுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எப்போதாவது மனநலப் பாதிப்பு வந்திருந்தது. சிலர் குடியில் விழுந்தார்கள். மணமுறிவுக்குப் பின்னால் பல இடங்களில் குடி இருந்ததை வேலண்ட் எடுத்துக் காட்டினார். எழுதாமல் விட்ட கட்டங்கள் ஹார்வர்டிலும் இருந்திருக்கின்றன!

அந்தக் கூட்டத்துக்குள் யாருக்கு அறிவுத்திறன் மதிப்பெண் அதிகம் என்பதை வைத்து யார் அதிகம் சம்பாதிப்பார் என்று சொல்ல முடியவில்லை. ஐம்பது வயதில் யார் தங்கள் உறவுகளில் திருப்தியாக இருந்தார்களோ, அவர்களே எண்பது வயதில் ஆரோக்கியமாக இருந்தார்கள். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வதை விட, இதைப் பார்த்துச் சொன்னது சரியாக இருந்தது. மனைவி, நண்பன், கூடப்பிறந்தவர் என்று கஷ்டத்தில் கூப்பிட ஆள் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

456 சிறுவர்கள்

"அவங்க பணக்கார வீட்டுப் பிள்ளைங்கப்பா, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன்.

அதே காலத்தில், ஹார்வர்டுக்குப் பக்கத்திலேயே உள்ள பாஸ்டன் நகரத்தின் ஏழைப் பகுதிகளில், குளூக் தம்பதியர் சிறுவர்களைப் பற்றி ஆராய்ந்தார்கள். குற்றத்தில் சிக்காத அந்தச் சிறுவர்களில் 456 பேரை வேலண்ட் பின்னர் தம் ஆராய்ச்சியோடு சேர்த்துக்கொண்டார். பலருடைய பெற்றோர் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பல வீடுகளில் குழாய்த் தண்ணீர் வசதி கூடச் சரியாகக் கிடையாது. வளர்ந்து ஆலைத் தொழிலாளி, கொத்தனார், வக்கீல், டாக்டர் என்று பலவிதமாக ஆனார்கள். கீழிருந்து மேலே போனவர்களும் உண்டு, மேலிருந்து கீழே வந்தவர்களும் உண்டு.

இவர்களில் கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள் மிகச் சிலர். எழுபது வயதில் இரண்டு கூட்டத்தாரின் உடல்நிலையையும் ஒப்பிட்டார்கள். பாஸ்டன்காரர்கள் மொத்தத்தில் ஹார்வர்ட்காரர்களை விடச் சுமார் பத்து வருடம் முன்னதாகவே தளர்ந்திருந்தார்கள். ஆனால் அவர்களிலேயே கல்லூரி முடித்த அந்தச் சிலர் மட்டும் ஹார்வர்ட்காரர்களுக்குச் சமமாக இருந்தார்கள்! அவர்கள் படித்தது பெயர் பெற்ற கல்லூரி இல்லை. சம்பளமும் அவ்வளவு இல்லை. படித்தவர்கள் நாளையை நினைத்து நடப்பார்கள், புகையையும் குடியையும் குறைப்பார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்வார்கள் என்பது வேலண்ட் தரும் விளக்கம்.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாம் வாங்குகிற படிப்பு வேலை வாங்கித் தருவதற்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அது நம் ஆயுள் கணக்கிலும் சேருகிறது போலிருக்கிறது!

இன்னொன்றும் படித்தேன். வால்டிங்கர் 2015-இல் ஆற்றிய உரையில் சொன்னது. அந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள் வயதான பிறகும், எங்களை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், எங்கள் வாழ்க்கையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பார்களாம். ஹார்வர்டில் படித்தவர்கள் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லையாம்!

நண்பர்களே, நம் வாசலில் நின்று "நம்மகிட்ட என்ன இருக்கு தம்பி?" என்று கேட்டாரே, அதே கேள்விதானே இது?

பெண்களை விட்டுவிடலாமா?

இந்த 724 பேரும் ஆண்கள், எல்லோரும் வெள்ளையர்கள். இது பெரிய குறைதான். மனைவிமாரையும் பிள்ளைகளையும் வெகுகாலம் கழித்தே சேர்த்தார்கள். ஆனால் கலிபோர்னியாவில் மில்ஸ் என்ற பெண்கள் கல்லூரியில் 1958, 1960 ஆகிய ஆண்டுகளில் படிப்பை முடித்தவர்களை ரவென்னா ஹெல்சன் என்ற பெண் ஆய்வாளர் ஐம்பது வருடத்துக்கு மேல் தொடர்ந்தார். முப்பது வயதோடு குணம் உறைந்துவிடுவதில்லை, அதற்குப் பிறகும் மாறுகிறது, தன்னம்பிக்கை வளர்கிறது என்று அதில் தெரிந்தது. ஐம்பதை ஒட்டிய வயதே வாழ்க்கையின் நல்ல காலம் என்று அந்தக் கல்லூரியில் படித்த பலர் சொல்லியிருக்கிறார்கள்.

நம் வகுப்பில் படிக்கும் சகோதரிகளை நினைத்துப் பாருங்கள். கல்யாணம் ஆனால் ஊர் மாறும், இனிஷியல் மாறும், போன் நம்பர் மாறும். நம் பதிவேட்டிலிருந்து முதலில் காணாமல் போகிறவர்கள் அவர்கள்தான். அன்று நான் வைத்திருந்த பதிவேட்டில் எண்ணிப் பார்த்தேன். பெண்கள் கையெழுத்து இரண்டே இரண்டு.

நாம் என்ன செய்யலாம்?

வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. காலை வணக்கம் படமும் பிறந்தநாள் வாழ்த்தும் வருகின்றன. ஆனால் கடன் தொல்லையில் இருப்பவன் அங்கே எழுதமாட்டான். மெதுவாகக் குரூப்பை விட்டு வெளியேறிவிடுவான். எனவே என் வேண்டுகோள் இது:

1. இறுதியாண்டு முடிக்கும் ஒவ்வொருவரும் மாறாத ஒரு வீட்டு முகவரியையும், வீட்டார் ஒருவரின் போன் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதித் தர வேண்டும். அரியர் வைத்திருப்பவர்களும்தான்!

2. பிரிவுக்கு இருவர், ஆண் ஒருவர், பெண் ஒருவர், பொறுப்பேற்று ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எல்லோரையும் கேட்க வேண்டும். பதில் தராதவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும்.

3. கேட்பதில் பதவி மட்டும் இருக்கக் கூடாது. உடம்பு எப்படி, வீட்டில் எப்படி, கஷ்டம் என்றால் யாரைக் கூப்பிடுவாய் என்றும் கேட்க வேண்டும். இதை மலரில் போட வேண்டியதில்லை. கேட்டாலே போதும்.

அந்தப் பெரியவரைத் தேடலாம் என்று பதிவேட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பெயர் இருக்கிறது, பிரிவு இருக்கிறது, வருடம் இருக்கிறது. முகவரிக்கு நாம் கட்டமே போடவில்லை. அவர் லேத் பட்டறை வைத்திருக்கிறாரா, வேலை இழந்து நிற்கிறாரா, பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறாரா, எதுவும் தெரியாது. வேலைக்குப் போக வேண்டிய நாளில் பஸ் பிடித்து, படித்த இடத்தைப் பார்க்க வந்தார் என்பது மட்டும் தெரியும். அதையாவது நான்காவது கட்டத்தில் எழுதச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த முன்னாள் மாணவர் தினத்துக்குப் பதிவேடு கோடு போடுகிற வேலையை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். 'தற்போதைய பதவி' என்ற தலைப்பை எடுத்துவிட்டு 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று எழுதப் போகிறேன். பக்கத்தில் முகவரிக்கும் ஒரு கட்டம்.

முப்பது வருடம் கழித்து நீங்களும் நானும் அந்த மேஜைக்கு வருவோம். அன்றைக்கு நமக்கு என்ன நடந்திருந்தாலும், காலியாக விடாமல் எழுதுவோம்.