பதில் வராத விண்ணப்பம்

சேலமும் நாமக்கல்லும் 1997-ஆம் ஆண்டு வரை ஒரே மாவட்டமாக இருந்தவை. பிரிந்த பின்னரும் இவ்விரு மாவட்டங்களையும் சேர்த்துக் கட்டி நிற்பவை இரண்டு: ஒன்று மரவள்ளிக் கிழங்கு, மற்றொன்று லாரி. ஆத்தூர், இராசிபுரம், சேந்தமங்கலம் பக்கங்களில் விளையும் கிழங்கு ஆலையில் அரைபட்டு, மாவாகி, ஜவ்வரிசியாகி, லாரியேறி மராட்டியத்துக்கும் வங்கத்துக்கும் போகிறது. வடநாட்டார் விரத நாட்களில் உண்ணும் 'சாபுதானா' நம் பக்கத்திலிருந்து ஏராளமாகப் போகும் சரக்கு என்பதை யாவரும் அறிவர். ஆனால் அந்த லாரி நகர்வதற்கு முன்னால் இரண்டு கணிப்பொறிகள் தமக்குள் பேசி முடித்தாக வேண்டும் என்பதைப் பலர் அறியார். அப்பேச்சு எவ்வாறு நடைபெறுகிறது, நடுவில் அறுந்தால் எந்த இடத்தில் அறுந்தது என்று எப்படித் தேடுவது என்பதைக் கணிப்பொறி பயிலாத மாணவ நண்பர்களுக்கும் விளங்கும்படி எழுத முயல்கிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட வரிக்குரிய சரக்கு மாநில எல்லையைக் கடக்க வேண்டுமானால் 'ஈ-வே பில்' வேண்டும். இதற்கு மேல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வியாபாரிகள் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் ஒவ்வொரு பில்லையும் 2023 ஆகஸ்டு 1 முதல் அரசின் கணிப்பொறியில் பதிவு செய்தாக வேண்டும். பதிவானதும் அங்கிருந்து 64 எழுத்துகள் கொண்ட ஓர் எண் வரும். இதனை ஐ.ஆர்.என். என்பர். கட்டாயம் உள்ளவர் இந்த எண் இல்லாமல் போடும் பில், சட்டத்தின் கண்ணில் பில்லே அன்று. ஈ-வே பில் இல்லாத லாரி வழியில் மடக்கப்பட்டால் சரக்கின் சொந்தக்காரர் வந்து வரியைப்போல் இரு மடங்கு அபராதம் கட்ட வேண்டும். ஒரு லோடுக்கு வரி 50,000 ரூபாய் என்று கொண்டால் அபராதம் ஒரு லட்சம். கட்டும் வரையில் டிரைவரும் கிளீனரும் சாலையோரத்தில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

இனி அந்த இரண்டு கணிப்பொறிகளைப் பார்ப்போம். கடையில் பில் போடும் மென்பொருள் கேட்கும் கட்சி; அதற்குக் 'கிளையன்ட்' என்று பெயர். அரசின் பதிவுக் கணிப்பொறி கொடுக்கும் கட்சி, அது 'சர்வர்'. பல கடைகளில் இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் இடைநிலை நிறுவனத்தின் கணிப்பொறியும் உண்டு. கேட்பவர் ஒரு விண்ணப்பம் அனுப்புகிறார். கொடுப்பவர் ஒரு பதில் அனுப்புகிறார். அவ்வளவே. விண்ணப்பம் போகும் பாதையின் விதிகளை வகுத்தது எச்.டி.டி.பி. என்னும் முறை, 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ ஆக்கியது. விண்ணப்பத்துக்குள் எழுதும் நடை பெரும்பாலும் 'ஜேசான்'. 'இன்ன பெயருக்கு இன்ன மதிப்பு' என்று இரண்டிரண்டாக எழுதிச் செல்லும் எளிய நடை அது.

கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உறை வேறு, உள்ளே உள்ள தாள் வேறு. சர்வரின் பதிலிலும் இவ்விரண்டும் உண்டு. உறையின் மேல் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 2-இல் தொடங்கினால் விண்ணப்பம் சேர்ந்தது. 4-இல் தொடங்கினால் கேட்டவர் பக்கம் குறை. 5-இல் தொடங்கினால் கொடுப்பவர் பக்கம் குறை. இதை மனப்பாடம் செய்த மாணவர்கள் உறையில் 200 என்ற எண்ணைக் கண்டதும் வேலை முடிந்ததென்று எழுந்துவிடுகிறார்கள். அது தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டார் என்பதற்கு மட்டுமே சாட்சி. உள்ளே இருக்கும் தாளில் 'நிலை: 0' என்றும், அதன் கீழ் பிழை எண்ணும் காரணமும் எழுதியிருக்கலாம். பில் பதிவில் பெரும்பாலான மறுப்புகள் இவ்வாறுதான் வருகின்றன. ஆகவே உறையையும் தாளையும் தனித்தனியே படிக்க வேண்டும். தேடலின் முதற்படி இதுவே. பாதித் தகராறு இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது, எழுத்துக்கும் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு. ஜேசான் நடையில் மேற்கோள் குறிக்குள் எழுதினால் அது எழுத்துச் சரம். குறியின்றி எழுதினால் எண். பின்கோடு 636001 என்பதை அரசின் படிவம் எண்ணாகக் கேட்கிறது. மாநிலக் குறியீடு 33 என்பதையோ எழுத்தாகக் கேட்கிறது. பார்ப்பதற்கு இரண்டும் இலக்கங்களே. ஒன்றுக்குக் குறி வேண்டும், மற்றொன்றுக்குக் கூடாது. மாற்றி எழுதினால் படிவம் செல்லாது என்று திரும்பிவிடும். பில் எண் பூஜ்யத்தில் தொடங்கக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. '001' என்று தொடங்கிப் பழகிய நம் கடைக்காரர்களுக்கு இது கசப்பான விதி!

திரும்பி வரும் பிழையைப் பற்றிக் கவலையில்லை. ஏற்றுக்கொள்ளப்படும் பிழைதான் பொல்லாதது. தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் படிவம் கேட்கிறது. அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் எழுதும் மென்பொருள், மே 4-ஆம் தேதி பில்லை 05/04 என்று அனுப்பும். சர்வர் அதனை ஏப்ரல் 5 என்று படித்து ஏற்றுக்கொள்ள இடமுண்டு. பிழைச் செய்தியே வராது. மே 13-ஆம் தேதி வரும்போதுதான் 13-ஆவது மாதம் இல்லையென்று மறுப்பு வந்து குட்டு வெளிப்படும். மாதத்தில் முதல் பன்னிரண்டு நாட்கள் ஓடி, பின் பதினெட்டு நாட்கள் ஓடாத மென்பொருளைக் கண்டால் முதலில் தேதியைச் சந்தேகியுங்கள்.

தமிழில் எழுதும்போது வரும் சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களைக் கொண்டு ஒரு சிறிய கிளையன்டும் சர்வரும் எழுதச் செய்து, சரக்கின் பெயரைத் தமிழில் அனுப்பச் சொல்வது வழக்கம். 'ஜவ்வரிசி' என்று அனுப்பினால் மறுபுறம் 'ஜவ' என்பதோடு நின்று, அதன்பின் ஒரு சிதைந்த குறி வந்து சேரும். காரணம் சுவையானது. நம் கண்ணுக்கு அச்சொல்லில் ஐந்து எழுத்துகள்: ஜ, வ், வ, ரி, சி. யூனிகோடு கணக்கில் எட்டுக் குறிகள்; புள்ளியும், இரண்டு மேல்விலங்குகளும் தனித்தனிக் குறிகள். 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூ.டி.எஃப்.-8 முறையில் அவற்றை அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள், ஆக 24. விண்ணப்பத்தின் உறையில் உள்ளிருக்கும் தாளின் நீளத்தைக் குறிக்க வேண்டும். அது பைட்டுக் கணக்கில் இருக்க வேண்டும். மாணவர் குறிகளை எண்ணி 8 என்று எழுதிவிடுவார். சர்வர் சொன்ன சொல் தவறாமல் 8 பைட்டுகளை மட்டும் படித்து நிறுத்திவிடும். முதல் ஆறில் ஜ-வும் வ-வும் முழுமையாக வந்துவிட, எஞ்சிய இரண்டில் புள்ளி பாதியோடு அறுபடும். ஆங்கிலத்தில் அனுப்பிப் பார்த்தால் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்பதால் எல்லாம் சரியாகவே இருக்கும். எனவேதான் சோதனையைத் தமிழில் செய்யுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

இவை யாவும் பதில் வந்த பிறகு எழும் சிக்கல்கள். பதிலே வராவிட்டால்?

எங்கள் துறையில் படித்த மாணவர் ஒருவர் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் பில் போடும் வேலையில் இருக்கிறார். ஒரு மாலை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "சார், பதிவு ஆகமாட்டேங்குது. லாரி நிக்குது. முதல்ல ஒண்ணுமே வரலைங்க. திரும்பப் போட்டா 2150-ன்னு பிழை வருது. பில் நம்பரை மாத்திப் போட்டா போயிருமுன்னு பக்கத்துக் கடையில சொல்றாங்க சார்" என்றார். "நம்பரைத் தொடாதே தம்பி, வருகிறேன்" என்று சொல்லிப் புறப்பட்டேன்.

இங்கு நடந்தது என்ன என்பதை அறிய ஒரு பழைய புதிரைச் சொல்கிறேன். இரு குன்றுகளின் மேல் இரு தளபதிகள். நடுப் பள்ளத்தில் பகைவர் படை. இருவரும் ஒரே வேளையில் தாக்கினால்தான் வெற்றி. முதல்வர் நேரம் குறித்துத் தூதனை அனுப்புகிறார். தூதன் திரும்பவில்லை. போகும் வழியில் பிடிபட்டானா, செய்தியைச் சொல்லிவிட்டுத் திரும்பும் வழியில் பிடிபட்டானா? குன்றின் மேல் நிற்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஜிம் கிரே என்னும் அமெரிக்க அறிஞர் 1978-இல் இதற்கு 'இரு தளபதிகள்' என்று பெயரிட்டார். பதில் வராமையும் வேலை நடவாமையும் ஒன்றல்ல என்பதே இதிலுள்ள செய்தி.

அந்தக் கடையிலும் அதுவே நடந்திருந்தது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்து பதிவாகிவிட்டது. பதில் வரும்போது கடையின் இணைய இணைப்பு அறுந்தது. ஐ.ஆர்.என். என்பது குருட்டுத்தனமாக எடுத்துக் கொடுக்கும் எண் அன்று. விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகிய நான்கையும் சேர்த்து எஸ்.எச்.ஏ.-256 என்னும் கணக்கில் இட்டால் கிடைப்பது அது. அதே நான்கையும் எத்தனை முறை அனுப்பினாலும் அதே 64 எழுத்துகளே வரும். ஆகையால் சர்வர் இரண்டாம் முறை கேட்டபோது, 'இது முன்பே பதிவானது' என்று கண்டுகொண்டு 2150 என்ற எண்ணைச் சொல்லிற்று. அந்தப் பதிலின் அடியிலேயே பழைய ஐ.ஆர்.என்., ஒப்புகை எண், ஒப்புகைத் தேதி மூன்றும் இருந்தன. கடையிலிருந்த மென்பொருள் பிழை வரியை மட்டும் சிவப்பில் காட்டிவிட்டு மீதியை விழுங்கிவிட்டது. அனுப்பியதும் வந்ததும் அப்படியே பதிவாகும் 'லாக்' கோப்பைத் திறந்து அவற்றை எடுத்தோம். லாரி புறப்பட்டது.

பில் எண்ணை மாற்றிப் போட்டிருந்தால் என்னவாகும்? சர்வர் தடையின்றி ஏற்றுக்கொண்டிருக்கும். ஒரே லோடுக்கு இரண்டு பில்கள், இரண்டு வரிகள். ஒன்றை ரத்து செய்ய 24 மணி நேரமே அவகாசம். அதன்மேல் ஈ-வே பில் எடுத்திருந்தால் முதலில் அதை ரத்து செய்ய வேண்டும். நேரம் கடந்தால் கிரெடிட் நோட்டு, கணக்கர், விளக்கக் கடிதம் என்று நீளும். ஆகவே பதில் வராதபோது செய்யத் தக்கது, அதே விண்ணப்பத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் மறுபடி அனுப்புவது; அல்லது, 'இந்தப் பில் உன்னிடம் உள்ளதா?' என்று கேட்பது. அப்படிக் கேட்கவும் அந்தச் சேவையில் வழி வைத்திருக்கிறார்கள். எத்தனை முறை கேட்டாலும் ஒரே விளைவு தரும்படி சேவையை அமைத்தவர்களை இவ்விடத்தில் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் 2150 எப்போதும் நல்ல செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். பல கணிப்பொறிகள் உள்ளுக்குள் கிரீன்விச் நேரத்தை வைத்துக்கொள்கின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. நம் பக்கத்தில் சரக்கு ஏற்றுவது பெரும்பாலும் இரவில். நள்ளிரவு 12 மணி முதல் விடியற்காலை 5.30 வரை போடும் பில்லுக்கு, இந்த வேறுபாட்டைக் கவனியாத மென்பொருள் முதல் நாள் தேதியை எழுதிவிடும். மற்ற நாட்களில் அதனால் பெரிய கேடில்லை. ஏப்ரல் 1 அன்று அதிகாலை ஒரு மணிக்குப் புது ஆண்டின் முதல் பில்லைப் போடுவதாக வையுங்கள். தேதி மார்ச் 31 என்று போகும், நிதியாண்டு பழையதாகிவிடும். பழைய ஆண்டிலும் 1 என்று ஒரு பில் இருந்திருக்கும். நான்கும் ஒத்துப்போகும், 2150 வரும், அடியில் ஓர் ஐ.ஆர்.என்.-உம் இருக்கும். அது சென்ற ஏப்ரலில் வேறு யாருக்கோ போட்ட பில்லின் எண். அதை அச்சிட்டு லாரியில் கொடுத்தனுப்பினால் வழியில் சோதிப்பவர் கையில் உள்ள கருவி சென்ற ஆண்டுச் சரக்கைக் காட்டும். இதனால், 2150 வந்தால் அதனோடு வரும் ஒப்புகைத் தேதியை முதலில் பார்க்கச் சொல்லி அந்த மாணவரிடம் கூறினேன். சில நிமிடங்களுக்கு முந்தியதானால் எண்ணை எடுத்துக்கொள்ளலாம். ஓராண்டுக்கு முந்தியதானால் கணிப்பொறியின் கடிகாரத்தையும், மென்பொருள் எந்த ஊர் நேரத்தில் தேதி எழுதுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.