உணரிகளுக்கு உரிய இடம்

பழவேற்காடு ஏரிக்கரையில் அமைந்த மீனவ ஊர்களுள் ஒன்று தோணிரேவு. இந்திய உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய ஏரி பழவேற்காடு. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் இதனுள் புகுகிறது. ஆரணி முதலிய ஆறுகள் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வருவது தடைப்படும். நீரின் உவர்ப்பும் மாறும். இம்மாற்றத்தை உடனுக்குடன் அறிதல் மீனவர் வாழ்வோடு தொடர்புடையது. அதற்குத் துணைபுரியவல்லது கம்பியில்லா உணரி வலையமைப்பு.

கணுவும் பரப்பும்

உணரி, சிறு கணிப்பான், வானொலிக் கருவி, மின்கலம் ஆகியவை சேர்ந்தது ஒரு கணு. அது தான் அளந்ததை அடுத்த கணுவுக்கு அனுப்ப, செய்தி கைமாறிக் கரையிலுள்ள நிலையத்தை அடையும். ஒரு கணுவின் அளவீடு 100 மீட்டர் ஆரத்துக்குள் பொருந்துமெனக் கொள்வோம். குறைந்த கணுக்களால் பரப்பு முழுவதையும் மூட, அவற்றைச் சமபக்க முக்கோணங்களின் முனைகளில், ஏறத்தாழ 173 மீட்டர் இடைவெளியில் நிறுத்த வேண்டும் என்கிறது வடிவகணிதம்.

ஆயினும், ஏரி எங்கும் ஒரே தன்மையுடையதன்று. முகத்துவாரத்தருகே சிறு தொலைவுக்குள்ளேயே உவர்ப்பு வேறுபடும். ஆறு கலக்குமிடத்திலும் அவ்வாறே. அங்குக் கணுக்கள் நெருங்கியிருத்தல் வேண்டும். நீர் சீராக உள்ள இடத்தில் சில கணுக்களே போதும்.

செய்தி செல்லும் வழி

அளப்பதற்கு ஏற்ற இடம், செய்தி அனுப்ப ஏற்றதாக அமையாமலும் போகலாம். தொலைவு இருமடங்கானால் அனுப்பத் தேவைப்படும் ஆற்றல் குறைந்தது நான்கு மடங்காகும். எனவே, இடையில் ஒரு கணுவை நிறுத்துவது பயன்தரும். கரையை ஒட்டிய கணுக்களோ பிறவற்றின் செய்திகளையும் சுமப்பதால் அவற்றின் மின்கலங்கள் முதலில் தீர்ந்துவிடும். அவை ஓய்ந்தால், ஏரியின் நடுவே மற்றவை அளந்துகொண்டிருந்தாலும் கரைக்கு ஒன்றும் எட்டாது. ஆதலால் அங்கு மாற்றுக் கணுக்கள் தேவை.

மூணாறு காட்டும் பாடம்

கேரளத்தின் மூணாற்றில், நிலச்சரிவை முன்னறிய அமிர்தா பல்கலைக்கழகம் இத்தகைய வலையமைப்பை நிறுவியது. மண்ணிடை நீரழுத்தம் மிகும் இடங்களில் துளையிட்டு உணரிகள் புதைக்கப்பட்டன. 2009ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவ்வமைப்பின் தரவுகளைக் கொண்டு மக்களுக்கு முன்னெச்சரிக்கை விடுக்கப்பட்டது. மலைச்சரிவு முழுவதையும் மூட முயலாமல், இடர் தோன்றும் இடத்தை முதலில் அறிந்ததே அதன் வலிமை.

ஏரிக்கும் இது பொருந்தும். பழவேற்காட்டுக் குப்பங்கள் சிலவற்றில், வலைவிரிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிரும் வழக்கத்தைப் ‘பாடு’ என்பர். நீரோட்டத்தையும் இறால் வரும் வழியையும் தலைமுறைகளாக அறிந்தோர் அம்மீனவர். அவர்களைக் கேளாமல் நடப்படும் கணு, வலைக்கு இடையூறாகலாம். பயனற்ற இடத்தில் பயனற்றதை அளந்துகொண்டும் இருக்கலாம். கணக்கு இடைவெளியைச் சொல்லும். இடத்தைச் சொல்ல ஏரியை அறிந்தோர் வேண்டும்.